நாலு வருசமாக வெளியே நிற்கும் ஈஎக்ஸ்5: உதைக்கும் முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி வந்தது இப்படி: "பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் கீழே அப்பாவுடைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார்சைக்கிள் நிற்கிறது, பழைய கார்புரேட்டர் மாடல். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நிறுத்தியது. அப்புறம் அப்பா தவறிவிட்டார், யாரும் தொடவில்லை. மேலே கூரை கிடையாது. இப்போது பிளாட் நிர்வாகம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டது, எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவார்களாம். ஒரு வர்க்‌ஷாப்பில் போனில் படம் காட்டிக் கேட்டேன். எஞ்சின் ஜாம், ஓவர்ஹால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இரும்புக் கடைக்குப் போடு என்றார். உண்மையா அண்ணே? புது பேட்டரி மாட்டி உதைத்துப் பார்க்கட்டுமா?"

2024 ஆகஸ்ட் 17, காலை

உதைக்காதே தம்பி. பேட்டரியும் இப்போது வாங்காதே. போனில் படத்தைப் பார்த்து எஞ்சின் ஜாம் என்று சொல்லத் தெரிந்த போமனுக்கு, அதாவது அந்த மெக்கானிக்குக்கு, நாம் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

முதலில் தேட வேண்டியது ஸ்பேனர் இல்லை, கிராண்டு, அதாவது மோட்டாரின் பதிவுச் சான்று. மோட்டார் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். பெயர் மாறாமல் நீ அதில் ஆயிரம் வெள்ளி கொட்டினாலும் நாளைக்கு விற்கவோ உன் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்கவோ போனால் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்பாய். அப்பா விட்டுப்போனது மோட்டார், வங்கிப் பணம் மாதிரி அசையும் சொத்து மட்டும் என்றால், இறந்தவர் சொத்தைப் பார்க்கும் அரசு நிறுவனமான அமானா ராயாவில் கேள். வீடு, நிலம் என்று ஏதாவது இருந்தால் நில அலுவலகம். அங்கே வாங்கும் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ் நகலும், அம்மாவும் மற்ற பிள்ளைகளும் சம்மதிப்பதாக எழுத்தும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். கிராண்டில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் மோட்டாரில் பொறித்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். எஞ்சின் மாற்றி, பதியாமல் விட்ட கப்சாய் (ஈஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டார்) இந்த ஊரில் நிறையவே ஓடுகிறது.

ஸ்டிக்கர் விஷயத்தை இன்றைக்கே முடி. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மோட்டாரை உறவுக்காரர் வீட்டு ஐந்தடி நடைபாதைக்கோ எங்காவது கூரைக்கு அடியிலோ தள்ளிக்கொண்டு போய்விடு. டயரில் காற்று நிற்காது, லோரி வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிடு. படுக்கப்போட்டு ஏற்றாதே. பழைய பெட்ரோல் ஒழுகும், பேட்டரி தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் அதில் உள்ள ஆசிட்டும் ஒழுகும்.

ஆகஸ்ட் 17, இரவு

ஏன் உதைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். சிலிண்டர் சுவரில் ஆயில் வடிந்துபோய் வருசக்கணக்காகிவிட்டது. எஞ்சின் எந்த நிலையில் நின்றதோ, அப்போது ஒரு வால்வு திறந்திருந்தால் அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போய் வந்துகொண்டே இருந்திருக்கும். பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மெல்லிய துரு பிடித்திருக்கும். நீ ஓங்கி ஒரு உதை விட்டால் அந்தத் துரு, சுவரை உப்புத்தாள் மாதிரி உரசிவிடும். சும்மா நின்றபோது கெடாத எஞ்சின் அப்போதுதான் கெடும்.

செய்ய வேண்டியது: ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. கழற்றும் முன் அதைச் சுற்றி உள்ள மணல், இலைத்தூள் எல்லாவற்றையும் ஊதித் துடைத்துவிடு, இல்லாவிட்டால் அத்தனையும் ஓட்டை வழியாக உள்ளே விழும். பிளக் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடு. அலுமினியத் தலை அது, மரை போய்விட்டால் செலவு. பிறகு ஒன்றிரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஓட்டைக்குள் ஊற்று. ஈஎக்ஸ்5 சிலிண்டர் ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கும், ஊற்றியதெல்லாம் கீழ்ப்பக்கமே தங்கிவிடும். அதனால் முன்சக்கரத்தைத் தூக்கிச் சிறிது நேரம், மோட்டாரைப் பக்கவாட்டில் சாய்த்துச் சிறிது நேரம் என்று வை. மறுநாள் கிக் பெடலைக் காலால் இல்லாமல் கையால் மெல்ல அழுத்து. வழுக்கிக்கொண்டு இறங்கினால் உன் எஞ்சின் ஜாம் இல்லை, அந்த ஆளுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். பாதியில் கல் மாதிரி நின்றால் பலம் காட்டாதே, இன்னும் ஆயில் விட்டுக் காத்திரு.

கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை உருட்டச் சொல்லி வீடியோக்களில் காட்டுவார்கள். கிளட்ச் பிடி உள்ள மோட்டாருக்கு அது சரி. கப்சாயின் கிளட்ச் எஞ்சின் சுற்றும் வேகத்தில் தானாகப் பிடிப்பது, சக்கரத்தைக் கையால் உருட்டும்போது அது பிடித்து எஞ்சினைச் சுற்றும் என்று நம்ப முடியாது. சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறது என்பதால் எஞ்சின் நல்லது என்று முடிவு கட்டாதே.

ஆகஸ்ட் 19

பேட்டரி பற்றி இன்னொருவர் கேட்டதால்: அந்தக் காலத்துக் கார்புரேட்டர் கப்சாயில் பலவற்றுக்கு, பேட்டரி செத்தாலும் கிக்கில் ஸ்டார்ட் ஆகும், பிளக்குக்குப் போகும் மின்சாரம் எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டில் இருந்து வருகிறது. பின்னால் வந்த இன்ஜெக்‌ஷன் மாடலில் பெட்ரோல் பம்புக்கு பேட்டரி வேண்டும், அங்கே கதை வேறு. உன்னுடையது கார்புரேட்டர், அதனால் பேட்டரியைக் கடைசியாக வாங்கு.

ஆகஸ்ட் 24

கையால் அழுத்தியதும் பெடல் இறங்கியது என்று தம்பி எழுதியிருக்கிறார். எனக்கே சந்தோஷம். சரி, இனி பெட்ரோல்.

டாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார். நல்ல பெட்ரோல் மூக்கில் ஏறும், கெட்டுப்போனது வார்னிஷ் நாற்றம் அடிக்கும். வெளியே வெயிலில் நின்ற டாங்கியில், சுலபமாகத் தீப்பிடிக்கும் பகுதி முதலில் ஆவியாகிவிடும், மிஞ்சுவது பிசின். அந்தப் பிசின்தான் கார்புரேட்டரில் மயிரிழை அளவு ஓட்டை உள்ள ஸ்லோ ஜெட்டை அடைப்பது. "சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் செத்துப்போகிறது" என்று யாராவது சொன்னால் கேள்வியே வேண்டாம், அந்த ஜெட்தான்.

அதனால் பழையது ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே. புதியதோடு கலந்து ஓட்டிவிடலாம் என்ற கஞ்சத்தனம் வேண்டாம், பெட்ரோல் இவ்வளவு மலிவாக விற்கும் ஊரில் அதில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறாய். உள்ளே டார்ச் அடித்துப் பார் என்று சொல்வேன், லைட்டர் பிடிக்காதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பட்டர்வொர்த்தில் என் கண்முன்னால் ஒருவர் பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.

உள்ளே செம்பழுப்பாக லேசான துரு என்றால் பெரிய காரியமில்லை. கழற்றி, பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் ஓட்டைகளை அடைத்து, சந்தையில் விற்கும் வெள்ளை வினிகரை விளிம்பு வரை ஊற்றி ஒரு நாள் விடு. செதில் செதிலாக உரிந்து வந்தால் அந்த டாங்கிக்கு மினக்கெடாதே, சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் சின்ன டாங்கிதானே, வேறு ஒன்று தேடிக்கொள்.

கார்புரேட்டரின் கீழ்க்கிண்ணத்தைத் திற. பச்சையாகப் பூத்திருக்கும், ஜெல்லி மாதிரி ஏதாவது கிடக்கும். இரண்டு ஜெட்டையும் கழற்றி கிளீனர் அடித்து காற்று ஊது. கம்பி விட்டுக் குத்தாதே, பித்தளை மென்மையானது, ஓட்டை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே இறுக்கி எத்தனை சுற்று போகிறது என்று எழுதிக்கொள், திரும்ப மாட்டும்போது அதுதான் உன் ஆரம்பம். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடாதே. வெளியே நின்ற மோட்டாரில் அது யாருடைய வீடாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 25

வினிகரைப் பற்றி நேற்று அவசரத்தில் எழுதியது அரைகுறை. வினிகரைக் கொட்டியதும் அப்படியே விட்டால் ஈர இரும்பு மறுபடி ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறமாகிவிடும். கொட்டிய உடனே சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவி அமிலத்தைச் சாகடி, பிறகு நல்ல தண்ணீர், உடனே வெயிலில் காய வை, காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றிக் குலுக்கு. வெயில் இல்லாத நாளில் இதைத் தொடங்காதே. பினாங்கில் ஆகஸ்டு முடிந்தால் சாயங்கால மழையை நம்ப முடியாது, அதையும் கணக்கில் வை.

காக்கின் ரப்பர், டாங்கி மூடியின் ரப்பர், பெட்ரோல் பைப் மூன்றும் புதிது போடு. சேர்த்தாலும் இரண்டு தட்டு நாசி கண்டார் விலை தாண்டாது.

ஆகஸ்ட் 26

"முழு கார்புரேட்டரே மலிவாகக் கிடைக்கிறதே, எதற்குக் கழுவுவது?" கிடைக்கிறது. மாட்டியும் பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகும், சிக்னலில் நிற்கும்போது உறுமும் அல்லது செத்துப்போகும், திருகித் திருகி மாளாது. உன்னுடைய ஒரிஜினல் உடம்பு உடையாமல் இருந்தால் அதையே கழுவு. ரிப்பேர் கிட் வாங்கி ஊசி, ரப்பர் வளையம் மட்டும் மாற்று. உடம்பே உப்புப் பூத்து அரித்திருந்தால் மட்டும் புதியது.

செப்டம்பர் 1

சுங்கைப் பட்டாணியில் இருந்து ஒரு அண்ணன் யமஹா ஆர்எக்ஸ்ஸெட் வைத்திருக்கிறாராம், இதே வழிதானா என்று கேட்கிறார். இல்லை அண்ணே, உங்களுடையது 133 சிசி இரண்டு ஸ்ட்ரோக், மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. உங்களுக்குப் பெரிய ஆபத்து தனியாக 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) போகும் குழாய். வருசக்கணக்கில் நின்றதில் அதில் காற்று புகுந்திருந்தால், பம்பு தள்ளுவது காற்றைத்தான். எஞ்சின் அழகாக ஸ்டார்ட் ஆகி, நாலு நிமிடம் பாட்டுப் பாடி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குழாயில் காற்றை வெளியேற்றுங்கள், அதோடு முதல் டாங்கி பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்துவிடுங்கள். புகை அதிகமாக வரும், வரட்டும். இப்போது அந்த மோட்டார் விற்கும் விலைக்கு அதை வெளியே மழையில் விட்டு வைத்திருந்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

செப்டம்பர் 3

சும்மா ஒன்று. பினாங்குக்காரனுக்கு ஹோண்டா மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாட உரிமை உண்டு. 1958ல் ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ இந்த ஊர்க்காரர். மெக்கானிக்காகத் தொடங்கியவர். இப்போதும் தொழிற்சாலை பத்து காவானில். அதனால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் போகும் என்ற பயம் இந்த மாடலுக்கு வேண்டாம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு கடையில் தொங்கும்.

செப்டம்பர் 14

தம்பியின் மோட்டார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வீடியோ பார்த்தேன், அம்மா பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வேறு யாராவது இதைப் பார்த்துச் செய்பவர்களுக்கு, ஸ்டார்ட் செய்யும் முன் பழைய எஞ்சின் ஆயிலை இறக்குங்கள். பால் கலந்த மாதிரி வெளிறி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மலிவான ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே அதையும் இறக்கிவிட்டு நல்லது ஊற்ற வேண்டும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்க வேண்டும், கார் ஆயில் ஊற்றினால் ஆயிலுக்குள்ளேயே முங்கியிருக்கும் கிளட்ச் வழுக்கலாம். பிளக் என்ஜிகே சி6எச்எஸ்ஏ அல்லது சி7எச்எஸ்ஏ, சில வெள்ளிதான், பழையதைத் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் புகை கக்கும், சிலிண்டரில் நாம் ஊற்றிய ஆயில் எரிகிறது. எக்ஸோஸில் தேங்கிய தண்ணீரும் தெறிக்கும். கொஞ்ச நேரத்தில் குறைய வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். அப்போதுதான் ஓவர்ஹால் என்ற வார்த்தையைப் பேச வேண்டும்.

செப்டம்பர் 15

ஸ்டார்ட் ஆனதும் எல்லாரும் ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவார்கள். இதைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்து சொல்ல வந்தேன், எஞ்சின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தள்ளிப்போனது. வெளியே நின்ற மோட்டாரில் எஞ்சின்தான் கடைசியாகக் கெடும் பொருள். ஆயிலுக்குள் மூடிக்கொண்டு இருக்கிறது, அதற்கென்ன. வெயிலும் மழையும் தின்பது பிரேக், டயர், கேபிள், ஒயர். ஆளைக் கொல்வதும் அவைதான்.

பாகான் ஆஜாமில் என் மாமா வீட்டில் மோடனாஸ் கிரிஸ் ஒன்று, கடலில் இருந்து கூப்பிடு தூரம். அதை எழுப்பியபோது எஞ்சினுக்கு ஆன நேரத்தைவிட மூன்று மடங்கு பிரேக்குக்குப் போனது. உப்புக்காற்றில் கம்பி கம்பியாகச் சக்கரம் துருப்பிடித்திருந்தது. பின்பிரேக்கை மிதித்தால் பிடித்தது, காலை எடுத்தால் விடவில்லை. பிரேக் டிரம்மைத் திறந்தால், ஷூவை விரிக்கும் கேம் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷூவில் ஒட்டியிருந்த பிரேக் பட்டை, விரலால் நெம்பியதும் தனியாகக் கையில் வந்துவிட்டது. பசை செத்துப்போயிருக்கிறது. அது ஓடும்போது கழன்று டிரம்முக்குள் சிக்கியிருந்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார்.

ஈஎக்ஸ்5க்கும் முன்னும் பின்னும் டிரம்தான். இரண்டு சக்கரத்தையும் கழற்று. ஷூ புதிது. கேமைக் கழற்றித் தேய்த்து கிரீஸ் வை, பட்டையில் படாமல் துளியாக. டிரம்மின் உட்பக்கத் துருவை உப்புத்தாளால் எடு. பேரிங்கை விரல்விட்டுச் சுற்று, கரகரத்தால் மாற்று.

டயர் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. டயரின் வரிப்பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி, பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தால் வீசு. டியூபும் சேர்த்து, ஏனென்றால் ரப்பர் வால்வு அடியில்தான் முதலில் கிழியும்.

ஆக்சிலேட்டர் கேபிளை மறக்காதே. முறுக்கிவிட்டுக் கையை விட்டதும் டக்கென்று திரும்பி வர வேண்டும், ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி வைத்தும் பார். ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் மாற்று, எக்ஸ்பிரஸ்வேயில் மூடாத ஆக்சிலேட்டரோடு போவதை நினைத்துப் பார். செயின் துருவில் மடங்காமல் நின்றால் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்று. டபிள்யூடி-40 துருவை இளக்கும், செயினுக்கு மசகு ஆகாது. அடித்தால் அதன் மேல் செயின் ஆயிலும் போட வேண்டும்.

செப்டம்பர் 16

ஒயர் பற்றிக் கேட்டிருந்த அக்காவுக்கு: எல்லா இணைப்பையும் பிடுங்கி, பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, திரும்பச் செருகுங்கள். பாதி கோளாறு அதிலேயே போய்விடும். பல பழைய கப்சாயில் பெரிய லைட் எஞ்சின் ஓடினால்தான் எரியும், அதைக் கோளாறு என்று நினைத்து ஒயரை வெட்டிவிடாதீர்கள். சாவி ஓட்டையில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொள்ளும், பென்சில் கரியைப் பொடி செய்து போடுங்கள்.

எறும்பு புற்று வைத்திருந்தால் பூச்சி மருந்து அடித்த கையோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். அடித்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும் வகை.

செப்டம்பர் 22

கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? மழைத் தண்ணீரும் அதில் கொசுப்புழுவும் இருக்கும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும். வெயிலில் காய்ந்த ஹெல்மெட்டைக் கழுவிப் போட நினைக்காதீர்கள், உள்நுரை செத்திருக்கும். தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் உள்ளது புதிதாக ஒன்று வாங்குங்கள்.

அக்டோபர் 6

எப்போது கைவிடுவது என்று பலர் கேட்டுவிட்டார்கள். எஞ்சின் பிடித்திருந்தாலும் கைவிட மாட்டேன், பழைய எஞ்சின் கிடைக்கும், முறையாகப் பதிந்துகொண்டால் போதும். சேசிஸ் அரித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால் அன்றைக்கே நிறுத்துவேன். பின் ஃபோர்க் மாட்டும் இடம், பேட்டரி பெட்டிக்கு அடி, சைட் ஸ்டாண்டு ஒட்டிய இடம், இந்த மூன்றையும் குத்திப் பாருங்கள். கிராண்டும் இல்லை, சொந்தக்காரரும் யாரென்று தெரியாது என்ற மோட்டார் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட மாட்டேன்.

முதலில் இதைத்தான் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நியாயம்தான். கிராண்டு, சேசிஸ், அப்புறம்தான் பிளக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 19

தீபாவளிக்குள் ஓட்ட வேண்டும் என்று தம்பி துடிக்கிறார். இன்சூரன்ஸ் எடுக்காமல் ரோட்டில் ஏறாதே, பிளாட் வாசல் வரைக்கும்தான் என்றாலும். ஒன்றில் மோதினால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் உன் தலையில்தான் விழும். இந்த சிசிக்கு ரோட் டேக்ஸ் வருசத்துக்கு 2 வெள்ளிதான், இன்சூரன்ஸ் இருந்தால்தான் அதையும் எடுக்க முடியும். வருசக்கணக்கில் செத்துப்போன ரோட் டேக்ஸ் என்பதால் ஆன்லைனில் தட்டிக்கொண்டிராமல் நேராக ஜேபிஜே கவுண்டருக்குப் போய், சோதனைக்குக் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுவிடு. 2023 பிப்ரவரியில் இருந்து ஸ்டிக்கர் ஒட்டத் தேவையில்லை, போனில் காட்டினால் போதும். அப்பா ஒட்டிய பழைய ஸ்டிக்கரைக் கழற்றுவதும் விடுவதும் உன் விருப்பம்.

முதல் சில வாரம் பினாங்குப் பாலத்தில் ஏறாதே. 2019ல் இருந்து மோட்டாருக்கு டோல் இல்லைதான், ஆனால் 13.5 கிலோமீட்டர், நடுவில் செத்துப்போனால் பக்கக் காற்றிலும் லோரிக்கு நடுவிலும் தள்ள வேண்டும். பட்டர்வொர்த் போக வேண்டுமானால் ஃபெர்ரி மோட்டாரை ஏற்றிக்கொள்ளும். வீட்டைச் சுற்றியே ஓட்டி, ஒவ்வொரு முறை நிறுத்தியதும் கீழே குனிந்து ஆயில் சொட்டுகிறதா பார், டிரம்மைத் தொட்டுச் சூடு பார், நட்டுகளை மறுபடி இறுக்கு.

அக்டோபர் 20

பழைய பெட்ரோலையும் கறுப்பு ஆயிலையும் என்ன செய்வது என்று கேட்காமலே ஒருவர் சாக்கடையில் ஊற்றியதாக எழுதியிருக்கிறார். ஊற்றாதீர்கள். தனித்தனி டின்னில், மூடி போட்டு, பழக்கமான வர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து வைப்பார்கள், வாங்கிப் போக ஆள் வரும். பெட்ரோலை அந்த டிரம்மில் சேர்க்க விடமாட்டார்கள், அதை வேறாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பானப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.